ஒன்பதாம் நாளும் ஒன்பதாம் மணியும்

இலத்தீனில் ‘நோனா’ என்றால் ஒன்பதாவது. ரோமானிய நாட்காட்டியில் ஒரு நாளுக்கும், கிறித்தவத் துறவு மடங்களில் ஒரு செப வேளைக்கும் இச்சொல்லே பெயர் தந்தது. முன்னது பின்னோக்கி எண்ணியதால் கிடைத்த ஒன்பது. பின்னது முன்னோக்கி எண்ணியதால் கிடைத்தது.

ரோமானியர் மாதத்தின் நாள்களை ஒன்று, இரண்டு என வரிசையாக எண்ணவில்லை. மூன்று நாள்களுக்கே பெயர் இருந்தது: முதல் நாள் கலெண்டே, ஐந்தாம் நாள் நோனே, பதின்மூன்றாம் நாள் ஈதூஸ். மார்ச், மே, ஜூலை, அக்டோபர் மாதங்களில் மட்டும் பின்னிரண்டும் 7, 15 ஆகிய நாள்களில் வரும். ஏனைய நாள்களை, அடுத்து வரும் பெயருள்ள நாளுக்கு எத்தனையாவது நாள் என்று குறித்தனர். அப்படி எண்ணும்போது இரு முனைகளையும் சேர்த்தே எண்ணினர். ஆகவே மார்ச் 13 என்பது ஈதூசுக்கு முந்தைய மூன்றாம் நாள். ஈதூசிலிருந்து ஒன்பதாவதாக வருவது நோனே.

இந்த எண்ணும் முறை ஒரு பெரும் பிழைக்கும் வழிவகுத்தது. கி.மு. 45இல் நடைமுறைக்கு வந்த ஜூலியஸ் சீசரின் நாட்காட்டி நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு நாளைக் கூட்டச் சொன்னது. அவர் இறந்த பின் குருமார்கள் ‘நான்காம் ஆண்டு’ என்பதைத் தொடக்க ஆண்டையும் சேர்த்து எண்ணி, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டிவிட்டனர். பின்னர் அகஸ்டஸ் பேரரசர் சில ஆண்டுகள் மிகுநாளை நிறுத்தி அதைச் சரிசெய்தார்.

பகலின் கணக்கு வேறு. சூரியன் எழுவது முதல் மறைவது வரை பன்னிரண்டு சமக் கூறுகள்; ரோமில் ஒரு ‘மணி’ கோடையின் உச்சத்தில் சுமார் 75 நிமிடம், குளிர்காலத்தின் நடுவில் சுமார் 45 நிமிடம். மூன்றாம் மணி முற்பகல், ஆறாம் மணி நண்பகல், ஒன்பதாம் மணி பிற்பகலின் நடுப்பகுதி. இயேசுவின் சீடர்களான பேதுருவும் யோவானும் ஒன்பதாம் மணி வேளையில் செபிக்கக் கோவிலுக்குச் சென்றதை விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலில் காண்கிறோம். ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) தம் மடங்களுக்கு வகுத்த ஒழுங்கில் முதலாம், மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் மணிகளில் செபங்கள் நிலைபெற்றன. ஆண்டின் பல நாள்களில் துறவியர் ஒன்பதாம் மணிச் செபத்துக்குப் பிறகே உண்டனர். அச்செபம் காலப்போக்கில் நண்பகலை நோக்கி முன்நகர்ந்ததற்குப் பசியே காரணம் என்பது பலர் கூறும் விளக்கம். நண்பகலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘நூன்’ இந்த நோனாவிலிருந்து பிறந்ததே.

இயேசு சிலுவையில் உரக்கக் கூவிய வேளையைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘ஒன்பதாம்மணி நேரம்’ என்கிறது; பின்னாளில் வந்த ‘திருவிவிலியம்’ என்னும் பொது மொழிபெயர்ப்பு பிற்பகல் மூன்று மணி என்கிறது. இயேசு சிலுவையில் அறையப்பட்ட வேளையில் நடந்த யூதரின் பாஸ்கா விழா, பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் பருவத்தில் வருவதால், அந்நாளில் பழைய மணியும் நம் மணியும் பெரிதும் வேறுபடவில்லை.