அஞ்சியோகிராம்: நாடிப்படம்

அஞ்சியோகிராம் என்றதும் கிளிநொச்சியில் எல்லோருக்கும் நெஞ்சுதான் நினைவுக்கு வரும். காலுக்கும் அது எடுக்கிறார்கள். 'ஆங்கியோன்' என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கலம், பாத்திரம் என்று பொருள். 'கிராம்மா' என்றால் வரைந்தது. நம் பாடநூலிலுள்ள குருதிக்கலன் என்ற சொல்லிலும் அதே கலம்தான் இருக்கிறது.

அடைபடுவது நாடி, இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுபோகும் கலன். தமிழ்நாட்டில் தமனி என்பார்கள். அந்த வடசொல்லின் வேர் ஊதுதல். கிரேக்கரின் 'ஆர்ட்டீரியா'வும் முதலில் மூச்சுக்குழாய்க்குப் பெயர். பிணத்தில் நாடி வெறுமையாகக் கிடந்ததால் அதில் காற்று ஓடுவதாக நம்பினார்கள். நாடியும் வடசொல்தான், ஆனால் துடிப்பும் அதே சொல்லுக்குள் இருப்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஊர்ப்பேச்சில் எல்லாமே நரம்பு. மாமிக்கு நாலு வரம்பு நடந்தால் கெண்டைக்கால் இறுகும், நின்றால் விட்டுவிடும். நரம்பு இழுப்பு என்று மாதக்கணக்காக எண்ணெய் போட்டு உருவினோம். கிளினிக்கில் டொக்டர் புறங்காலில் இரண்டு விரலை வைத்து வெகுநேரம் தேடினார். துடிப்பு இல்லை.

முதலில் டொப்ளர் ஸ்கான். ஒலியலையால் பார்ப்பதால் ஊசியுமில்லை, கதிருமில்லை. தொடை நாடி நன்றாகத் தெரியும். வயிற்றுக்குள் இருப்பதைக் குடல்வாயு மறைக்கும். கதிரால் எடுக்கும் சி.ரி. நாடிப்படம் வயிறு முதல் பாதம் வரை ஒரே தடவையில் காட்டும். ஆனால் அயடின் சாயம் ஏற்ற வேண்டும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு யோசித்துத்தான் செய்வார்கள். சீனி வருத்தக்காரரின் கணுக்கால் நாடியில் படிந்த சுண்ணாம்பு படத்தில் பளிச்சென்று விழுந்து, உள்ளே வழி இருக்கிறதா என்பதையே மறைத்துவிடும்.

குழாய் செலுத்திச் சாயம் விட்டு எடுப்பது பழைய முறை. வயிற்றுப் பெருநாடியை ரெய்னால்டோ டொஸ் சாந்தோஸ் 1929இல் லிஸ்பனில் சாயம் விட்டுப் படமெடுத்தார். அவர் முதுகுப்புறமாக ஊசியேற்றினார். இப்போது பெரும்பாலும் தொடையிடுக்கு வழியாகப் போகிறார்கள், படத்திலிருந்து எலும்பைக் கணினி கழித்துவிடுகிறது. அடைப்பைப் பலூனால் விரிக்கவும் அந்த வழியே போதும்.

எம்.ஆர். நாடிப்படத்துக்குக் கதிர் வேண்டாம், காந்தத்தைக் கொண்டு எடுப்பது. அங்கே "உடம்பில் உலோகம் இருக்கா?" என்று மாமியிடம் கேட்டார்கள். இல்லை என்றார். 2009 போரில் முதுகில் ஏறிய எறிகணைத் துண்டு அவருக்கு என்றும் செல் துண்டுதான். அதை உலோகம் என்று நினைத்ததே இல்லை. அந்தக் காந்தம் இரும்பை உடம்புக்குள்ளேயே அசைக்கக்கூடியது. நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். வன்னியில் இந்தக் கேள்வியை "செல் துண்டு இருக்கா?" என்றே கேளுங்கள்.