பித்தப்பை இயக்குநீர்

பூம்பாறையில் பூண்டு காயவைத்துக்கொண்டிருந்த பெரியம்மா, கையைத் துடைத்துவிட்டு பித்தப்பை ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டினார். வெறும்வயிற்றில் ஒருமுறை, சாப்பிட்டபின் ஒருமுறை பார்த்திருக்கிறார்கள். "கல்லு இருக்கு, சரி. பை சரியா சுருங்கலைங்கறாங்களே, அது என்னப்பா?"

பையைச் சுருங்கச் செய்வது கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன். கிரேக்கத்தில் கோலே பித்தம், கிஸ்டிஸ் பை, கினேயின் இயக்குதல். 1928இல் ஐவி, ஓல்ட்பெர்க் என்ற ஆய்வாளர்கள் அதன் வேலையைப் பார்த்தே பெயர் வைத்தார்கள்.

கோழி சுத்தம் செய்தவர்களுக்குப் பித்தப்பை தெரியும். ஈரலோடு ஒட்டிய கரும்பச்சைப் பை, கத்தி பட்டு உடைந்தால் கறியே கசந்துவிடும். நமக்கு அது பேரிக்காய் வடிவில் இருக்கும். 30 முதல் 50 மில்லி பித்தநீர் பிடிக்கும். நெய்யோ கறியோ முன்சிறுகுடலுக்கு வந்ததும் குடல்சுவர் இந்த ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. பையின் தசை சுருங்குகிறது. அதே நேரம் பித்தநாளத்தின் வாயிலுள்ள தசை தளர்ந்து வழிவிடுகிறது.

இதனால்தான் இதைத் தமிழில் 'பித்தப்பைச் சுருக்கி' என்று சொல்வது எனக்குப் போதவில்லை. ஓரிடத்தில் சுருக்குவது இன்னோரிடத்தில் தளர்த்துகிறது. கணையத்தையும் சுரக்க வைக்கிறது. ஹார்மோனுக்கு 'இயக்குநீர்' என்ற சொல் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. 'பித்தப்பை இயக்குநீர்' என்றால் கினேயினும் வந்துவிடுகிறது, ஹார்மோனும் வந்துவிடுகிறது. வேறு சொல் தேட வேண்டாம்.

கொலஸ்ட்ரால் கல் உள்ள பலரிடம் இந்த இயக்குநீர் சுரப்பதில் பெரிய குறை இருப்பதில்லை. பித்தநீரில் மிஞ்சிய கொலஸ்ட்ரால் பையின் தசைச் செல்களின் சவ்வில் ஏறிவிடுகிறது. இயக்குநீர் சொல்வது உள்ளே சரியாகப் போய்ச் சேர்வதில்லை. பை முழுதாகக் காலியாகாமல், தேங்கிய பித்தநீரில் படிகங்கள் திரண்டு கல் வளர்கிறது. கல் வந்ததால் பை சோர்ந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பை சோர்ந்ததாலும் கல் வளரும். கொலஸ்ட்ரால் அல்லாமல் பித்தநீரின் நிறமியால் ஆன கருநிறக் கற்கள் உள்ளவர்களிடம் இந்தச் சோர்வு அவ்வளவாகக் காணப்படுவதில்லை.

ரிப்போர்ட்டின் பின்பக்கம் அந்தச் சொல்லை எழுதிக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இது எனக்குச் சுரக்குதா?"

"பெரும்பாலும் சுரக்கும் பெரியம்மா. பையோட தசைதான் அது சொல்றதைக் கேக்க மாட்டேங்குது."