பெலே மலை: வழுக்கை அன்று, மொட்டை

கரிபியக் கடலிலுள்ள மார்த்தினிக் தீவின் மிக உயர்ந்த மலையை (1,397 மீட்டர்), அண்மையில் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பில் ‘பீலி என்னும் வழுக்கை மலை’ என்று எழுதியிருந்தார்கள். இந்த ‘வழுக்கை மலை’யை முன்பும் பலமுறை கண்டும் பேசாமல் இருந்திருக்கிறேன், இனி இருப்பதற்கில்லை.

பிரெஞ்சில் இதன் பெயர் ‘மோந்தாஞ் பெலே’. ‘பெலே’ என்பது, மயிரைக் குறிக்கும் ‘பிலுஸ்’ என்ற இலத்தீன் சொல்லடியாகப் பிறந்த வினையின் எச்சம். மயிர் களையப்பட்டது என்பது அதன் மூலப்பொருள். 1635இல் பிரெஞ்சுக்காரர் குடியேறியபோது, சற்று முன் நிகழ்ந்த எரிமலை வெடிப்பில் செடிகொடிகள் கருகி உச்சி வெறுமையாகக் கிடந்ததால் இப்பெயர் வந்தது என்பர். ஹவாய் மக்களின் தீத்தெய்வமான பெலேவுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. எரிமலைக் குழம்பு இழையாக நீண்டு உறைந்த கண்ணாடி நார்களுக்கு அறிவியலார் ‘பெலேயின் கூந்தல்’ என்று பெயரிட்டது அத்தெய்வத்தை எண்ணியே. கூந்தலுடைய அவளையும் மயிர் களைந்த இம்மலையையும் ஒன்றாக்குவது பெரும்பிழை.

இனி ‘வழுக்கை’க்கு வருவோம். முடி தானாகக் கொட்டி, மீண்டும் முளைக்காமல் போன தலையையே வழுக்கை என்கிறோம். அதற்குப் பிரெஞ்சில் ‘ஷோவ்’ என்று வேறு சொல் இருந்தும் பெயரிட்டவர்கள் அதை எடுக்கவில்லை. பழனியில் முடியிறக்கிவிட்டு, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வரும் பிள்ளையை வழுக்கை என்று யாராவது சொல்வார்களா? அது மொட்டை, சில மாதங்களில் அத்தலையில் முடி அடர்ந்துவிடும். இம்மலையின் வரலாறும் அதுவே. 1902 மே 8 காலையில் அதிலிருந்து பாய்ந்திறங்கிய எரிமுகில் (கொதிக்கும் வளியும் சாம்பலும் கலந்த முகில்), அடிவாரத்துச் சேன் பியேர் நகரைச் சில நிமிடங்களில் அழித்தது. ஏறத்தாழ 28,000 பேர் மாண்டனர். சரிவுகள் மீண்டும் மொட்டையாயின. அதே சரிவுகளில் இன்று காடு செழித்திருக்கிறது; 2023இல் அம்மலையும் அதன் காடுகளும் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன.

‘மொட்டை’ கொச்சை என்று கருதி ‘மழித்த மலை’ என்போரும் உளர். மழிப்பதற்கு ஒரு கையும் கத்தியும் வேண்டும். மொட்டைக்கு அந்தத் தேவை இல்லை. இலையற்ற மரமும் மொட்டை, கூரையற்ற மாடியும் மொட்டை. நாள்தோறும் புழங்கும் நல்ல தமிழ்ச்சொல்லைக் கொச்சை என்று ஒதுக்கிவிட்டுச் செயற்கையாக ஒன்றைக் கட்டுவது தூய்மையாகாது.

பிரெஞ்சுப் பெயரை ஆங்கில அகராதியின் வழியே பார்த்து, அங்கே கண்ட முதற்பொருளுக்கு நேராக ஒரு தமிழ்ச்சொல்லை வைத்துவிடும் பழக்கமே இவ்வளவுக்கும் காரணம். ‘பீலி’யும் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து எழுதியதுதான், தமிழில் பீலி என்றால் மயிலிறகு என்பதை எழுதியவர் எண்ணிப் பார்க்கவில்லை.

வரைபடத்தில் ‘பெலே மலை’ என்றே இருக்கட்டும். பொருள் சொல்லுமிடத்தில் ‘மொட்டை மலை’ என்று எழுத வேண்டும். ‘பீலியன் வகை வெடிப்பு’ என்று எழுதுவோரும் அதைப் ‘பெலே வகை’ என்று திருத்திக்கொள்ள வேண்டும். எரிமுகில் பாய்ந்திறங்கும் அவ்வகைக்குப் பெயர் தந்தது 1902இல் வெடித்த இதே மலைதான்.