கருவிப்பட்டையில் பட்டன் மங்குவதும் மறைவதும் ஏன்?

கல்முனையிலோ களுவாஞ்சிகுடியிலோ கடிதம் தட்டச்சு செய்து கொடுக்கும் கடைகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு, "நேத்து இருந்த பட்டன இண்டைக்குக் காணல்ல" என்பது. வைரஸ் என்று முடிவுகட்டி மென்பொருளையே அழித்துத் திரும்ப நிறுவுகிறார்கள். பெரும்பாலும் அதற்குத் தேவையே இல்லை.

பட்டன்கள் வரிசையாக இருக்கும் கருவிப்பட்டை கட்டளை கொடுக்கும் இடம் மட்டுமல்ல, கேர்சர் நிற்கும் இடத்தின் நிலவரத்தையும் அது காட்டுகிறது. கேர்சர் நகர நகர, எந்தக் கட்டளை இப்போது செல்லும், அதன் நிலை என்ன என்று மென்பொருள் சரிபார்த்துக்கொண்டே இருக்கும். செல்லாத கட்டளையின் பட்டன் மங்கும். தடித்த எழுத்தில் கேர்சர் நின்றால் அதற்குரிய பட்டன் அழுத்தியபடி தெரியும்.

எழுத்துருப் பெட்டியைக் கவனித்தால் இது நன்றாக விளங்கும். கடிதம் பாமினி என்ற தமிழ் எழுத்துருவில், அடையாள அட்டை இலக்கம் டைம்ஸ் நியூ ரோமனில் இருக்கிறது என்று வைப்போம். முழுப் பந்தியையும் தெரிவுசெய்தால் பெட்டி வெறுமையாகிவிடும். அது பழுதல்ல. தெரிவில் இரண்டு எழுத்துருக்கள் இருப்பதால் ஒரு பெயரைக் காட்ட முடியவில்லை. ஆபத்து அடுத்த கிளிக்கில்தான். அப்படியே பாமினியைக் கொடுத்தால், பழைய அட்டையின் 9 இலக்கங்களுக்குப் பின்னால் வரும் 'வீ' என்ற ஆங்கில எழுத்து 'ஏ' ஆகிவிடும். டைம்ஸ் நியூ ரோமனைக் கொடுத்தாலோ கடிதம் முழுவதும் வாசிக்க முடியாத ஆங்கில எழுத்துகளாகும், ஏனென்றால் பாமினித் தமிழ் உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்படுகிறது. அப்படி நடந்தால், செய்த மாற்றத்தை நீக்க உடனே கன்ட்ரோலுடன் இசட் அழுத்துங்கள்.

எக்செலில் பாதிப் பட்டன்கள் மங்கியிருந்தால், முதலில் ஒரு கட்டத்துக்குள் தட்டச்சு முடியாமல் நிற்கிறதா என்று பாருங்கள். என்டர் அல்லது எஸ்கேப் போதும். மின்னஞ்சலில் வந்த கோப்பு என்றால், மேலே மஞ்சள் பட்டையில் திருத்த அனுமதிக்கும் பட்டனை அழுத்தும்வரை மங்கியே இருக்கும். அனுப்பியவரைத் தெரிந்தால் மட்டும் அழுத்துங்கள்.

மறைவது வேறு சங்கதி. 2007 ஒபிஸில் வந்த, தலைப்புகளின் கீழ் பட்டன்களை அடுக்கிக் காட்டும் ரிப்பன் என்ற பட்டையில், மேலே உள்ள தலைப்பொன்றைக் கைதவறி இரட்டைக் கிளிக் செய்தாலே பட்டன்கள் எல்லாம் சுருண்டுவிடும். கன்ட்ரோலுடன் எப்1 அழுத்தினால் திரும்பி வரும். படத்துக்கான தலைப்பு, படத்தைத் தெரிவுசெய்தால்தான் தோன்றும். அகலமும் முக்கியம். 1366 புள்ளி அகலத் திரையில் எழுத்தும் பட்டனும் பெரிதாகத் தெரிய விண்டோஸ் அளவை 125 வீதமாக்கினால், மென்பொருளுக்குக் கிடைப்பது சுமார் 1093 புள்ளிதான். இடம் போதாதபோது பெரிய பட்டன்கள் சிறிதாகும், பிறகு எழுத்து மறைந்து படம் மட்டும் மிஞ்சும், கடைசியில் ஒரு தொகுதி முழுவதும் ஒற்றைப் பட்டனுக்குள் அடங்கிவிடும். பழைய புரொஜெக்டரில் இணைத்ததும் பட்டன்கள் இடம் மாறுவதும் இதனால்தான்.

இலவச ஒபிஸ் மென்பொருளான லிப்ரேஒபிஸில் இடம் போதாவிட்டால் பட்டையின் வலது ஓரத்தில் இரட்டை அம்புக்குறி வரும், மிச்சம் அதற்குள் இருக்கும். அட்டவணைப் பட்டையை மூடினால் அது தற்காலிகம்தான். கேர்சர் மறுபடி அட்டவணைக்குள் போனதும் திரும்பி வரும். வியூ மெனுவின் டூல்பார்ஸ் பட்டியலில் சரி அடையாளத்தை எடுத்துவிட்டால்தான் வராமலே போகும். எதுவும் சரிவராவிட்டால் ஹெல்ப் மெனு வழியாக, பழுது பார்ப்பதற்கான சேஃப் மோடில் மீண்டும் தொடங்கி, அமைப்புகளை மட்டும் மீட்டமையுங்கள். பயனர் விவரம் முழுவதையும் அழித்தால், அகராதியில் நீங்கள் சேர்த்த சொற்களும் போய்விடும்.