100 வோல்ட் பெட்டிய 230ல சொருகுறதுக்கு முன்னாடி

போன மாசம் கொட்டகலையில இருந்து ஒரு தம்பி உரச்சாக்குல சுத்தி ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோ ஆர்இ-201 (டேப்புல எதிரொலி போடுற பழைய பெட்டி) ஒண்ண தூக்கிட்டு வந்தாரு. சாக்கப் பிரிக்கும்போதே கருகின வாசம். ஜப்பான்ல ஓடின பெட்டி, பின்னாடி 100 வோல்ட்னு போட்டிருக்கு, வித்தவரும் சொல்லல, இவரும் பாக்கல, நேரா நம்ம 230ல சொருகியாச்சு, டிரான்ஸ்போர்மர் போச்சு. 230ஐ 100 ஆக்குற ஸ்டெப் டவுன் ஒண்ணு வச்சிருந்தா தப்பிச்சிருக்கும்.

ஏன்பா வாங்குனீங்கன்னு கேட்டா, "டப் டெக்னோவுக்கு அனலொக் இல்லாட்டி அந்த சத்தம் வராதுண்ணே"ங்கிறாரு. டப் டெக்னோன்னா எதிரொலியில மிதக்குற டெக்னோ நடன இசை, அனலொக்னா டிஜிட்டல் இல்லாத பழைய வகை கருவி. இந்தப் பேச்ச நான் அடிக்கடி கேக்குறேன்.

அந்த சத்தம் ஜமைக்காவோட கிங்ஸ்டன்ல இருந்து வந்தது. கிங் டப்பி ரேடியோ, அம்ப் ரிப்பேர் பண்ணின ஆளு (நம்ம தொழில்காரர்னு எனக்கு ஒரு பெருமை), 70கள்ல மிக்ஸர் முன்னாடி நின்னு குரல வெட்டி எக்கோவுக்குள்ள தள்ளி விளையாடினவரு, அது தான் டப். அத 1993ல பெர்லின்ல மோரிட்ஸ் வொன் ஒஸ்வால்டும் மார்க் எர்னெஸ்டஸும் பேசிக் சேனல்ங்கிற பேர்ல டெக்னோவுக்குள்ள கொண்டு வந்தாங்க. ஒரு மைனர் கோர்ட் (சேர்த்து அடிக்கிற சில சுரம்) சுத்திச் சுத்திக் கரையும், பாட்டே அவ்வளவு தான்.

டேப்ல ஒவ்வொரு சுத்துக்கும் ஹை (கீச்சுன்னு கேக்குற மேல் சத்தம்) தேயும், ஓட்டம் ஆடுறதால சுருதி அலையும், சத்தம் லேசா கிழியும். சும்மா டிஜிட்டல் டிலேல (கம்ப்யூட்டர் எதிரொலில) பத்தாவது தடவையும் மொத தடவை மாதிரியே வரும், சத்தம் மட்டும் கொறையும். சரி, அந்தத் தேய்மானத்த நாமளே போடுவோமே. 125 பிபிஎம்னா (நிமிசத்துக்கு 125 பீட்) ஒரு பீட் 480 மில்லிசெக்கன், டொட்டட் எட்டாம் நோட் (முக்கால் பீட்) 360. அந்த 360ல டிலேய ரிட்டர்ன் டிராக்ல (மத்த டிராக்ல இருந்து சத்தத்த அனுப்பி எபெக்ட் போடுற டிராக்) போட்டு அதோட சொந்த பீட்பேக்க (சத்தத்த திரும்ப உள்ள விடுற அளவ) பூச்சியமாக்கிட்டு, பின்னாடி பில்டர் வச்சு 200 ஹெர்ட்ஸுக்கு கீழயும் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேலயும் வெட்டி, கொஞ்சம் சாச்சுரேஷன் (சத்தத்த லேசா கிழிக்கிற எபெக்ட்) போட்டு, அந்த ரிட்டர்ன திருப்பி அதுக்கே சென்ட் பண்ணுங்க. இப்ப ஒவ்வொரு சுத்தும் பில்டருக்குள்ள போய்த்தான் வரணும். லிமிட்டர் (சத்தம் ஒரு அளவத் தாண்டாம பிடிக்கிறது) கட்டாயம், சென்ட் ஒரு நூல் கூடினாலும் அது தானா ஊளையிட ஆரம்பிச்சிரும், ஹெட்போன்ல இருந்தீங்கன்னா காது காலி.

தம்பிக்கு என் லெப்டொப்லயே இதக் காட்டினேன். மவுஸால இழுத்தாரு, சப்புன்னு இருந்துச்சு. சின்ன மிடி கொன்ட்ரோலர் (மென்பொருள கையால திருகுற பெட்டி) ஒண்ணக் கையில கொடுத்ததும் அரை மணி நேரம் பேச்சே இல்ல, டீ ஆறிப்போச்சு.

அனலொக் மோசம்னு நான் சொல்லல. ஆனா ஜூன் ஜூலை மழையில ஹட்டன்ல அலுமாரிக்குள்ள இருக்க துணியே பூஞ்சணம் பூக்குது, டேப் லூப் மட்டும் என்ன செய்யும்? தப்பு மேளம் அடிக்கிறவங்க நெருப்புல தோலக் காய்ச்சி காய்ச்சித்தான அடிக்கிறாங்க, இதுக்கும் அப்பிடி ஒரு ஆள் வேணும், டேப் படிக்கிற ஹெட் துடைக்க, லூப் மாத்த, சிலிக்கா ஜெல் போட. அனலொக்கே வேணும்னா பக்கெட் பிரிகேட் சிப் (டேப் இல்லாம சிக்னல கைமாத்தி கைமாத்தி தாமதமாக்குற சிப்) போட்ட பெடல் வாங்குங்க, அதுலயும் ஹை தேயும், ஆனா பூஞ்சணம் பிடிக்க டேப் இல்ல.

டிரான்ஸ்போர்மர் திரும்பக் கம்பி சுத்துறதுக்கு கொழும்புக்குப் போயிருக்கு. பெட்டி இன்னும் உரச்சாக்கோட என் மேசையில தான்.