12-ஆம் நாள் திரும்பி வந்த படபடப்பு

"அப்லேஷன் முடிந்து 12 நாள் ஆகிறது சார். நேற்று ராத்திரி மறுபடி அதே படபடப்பு, 2 மணி நேரம் விடவில்லை. அப்போ செய்ததெல்லாம் வீணா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் தாளக் கோளாறுக்கு, இதயத்துக்குள் சில இடங்களைச் சுட்டுத் தழும்பாக்கும் சிகிச்சைதான் அப்லேஷன். கூடவே இன்னொரு சந்தேகம். முன்பு சும்மா உட்கார்ந்திருக்கும்போது 64 இருந்த நாடித்துடிப்பு இப்போது 80-க்குக் கீழே இறங்குவதே இல்லையாம்.

இரண்டு கேள்விக்கும் பதில் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கிறது: இதயத்தின் இடது மேலறையில், நுரையீரல் சிரைகள் வந்து சேரும் வாசலில்.

அடிப்படையைச் சட்டென்று பார்த்துவிடலாம். வலது மேலறையில் உள்ள சைனஸ் முனை தாளம் போடுகிறது. அதிலிருந்து கிளம்பும் மின் அலை இரண்டு மேலறைகளிலும் பரவி, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஏவி முனை வழியாகக் கீழறைகளுக்கு இறங்குகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தால் மேலறைகளில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை மின்னலைகள் கண்டபடி ஓடுகின்றன. மேலறை சுருங்கி விரிவதை விட்டுவிட்டு நடுங்க ஆரம்பிக்கிறது. ஏவி முனை பெரும்பாலான அலைகளைத் தடுத்துவிடுவதால் கீழறைகள் ஓரளவு தப்பிக்கின்றன. கசிந்து வருபவைதான் நெஞ்சில் தாறுமாறான அடியாகத் தெரிகின்றன. நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கி உறையலாம், உறைந்த துண்டு மூளைக்குப் போகலாம். பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்கு கூடுவது அதனால்தான்.

சரி, இந்த நடுக்கத்தை முதலில் கிளப்பிவிடுவது எது? பல காலம் மேலறை முழுவதையும்தான் சந்தேகித்தார்கள். 1998-இல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஹைசகேர் குழுவினர் 45 நோயாளிகளின் இதயத்துக்குள் மின்முனைகளை அனுப்பி, முதல் பொறி எங்கே விழுகிறது என்று பொறுமையாகத் தேடினார்கள். 69 இடங்கள் அகப்பட்டன. அவற்றில் 94 சதவீதம் மேலறையிலேயே இல்லை. நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சிரைகளுக்குள் இருந்தன!

ரத்தக்குழாய்க்குள் எப்படி இதயத் துடிப்பு? எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத சங்கதி இது. கருவில் இதயம் உருவாகும்போது நுரையீரல் சிரையின் அடிப்பகுதி மேலறையோடு கலந்து அதன் சுவராகவே ஆகிவிடுகிறது. அந்தச் சம்பந்தம் பிற்பாடும் விட்டுப்போவதில்லை. மேலறையின் தசை, சட்டைக்குக் கை வைத்துத் தைத்தது போல, சிரையின் மேல் ஓரிரு சென்டிமீட்டர் படர்ந்திருக்கிறது. அந்தத் தசையிழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால் மின்னலை அங்கே தயங்கும், வளையும், தன்னையே சுற்றி வரும். சில செல்கள் தாமாகவே பொறி விடவும் செய்யும்.

பொறி விடும் இடத்தைச் சிரைக்குள்ளேயே தேடிச் சுட்டுப் பார்த்தார்கள். சிலருக்குச் சிரை தழும்பேறிக் குறுகிப்போனது. அப்புறம்தான் இன்றைய வழி வந்தது: உள்ளே என்ன நடந்தாலும் நடக்கட்டும், வாசலைச் சுற்றித் தழும்பால் ஒரு வேலி போட்டுவிடலாம். தழும்புக்குள் மின்சாரம் பாயாது.

தொடை இடுக்கில் உள்ள சிரை வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை ஏற்றி, இரண்டு மேலறைகளுக்கும் நடுவே உள்ள மெல்லிய சவ்வில் ஊசியால் துளையிட்டு இடப்பக்கம் போகிறார்கள். ஒருமுறை கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடிக்குப் பின்னால் நின்று இதைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வளையம் போன்ற ஒரு கதீட்டர் சிரையின் வாயில் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் திரையில் இரண்டு கோடுகள்: முதலில் மேலறையின் மழுங்கிய மேடு, அதை ஒட்டி சிரையின் கூரான முள். புள்ளி புள்ளியாகச் சுட்டுக்கொண்டே வந்தார்கள். முள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கியது. வேலியில் மிச்சமிருந்த சந்து வழியாக அலை சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்ததல்லவா? கடைசிச் சந்தும் அடைபட்ட நொடியில் முள் காணாமல் போனது. மேலறையின் மேடு மட்டும் தன் பாட்டுக்கு ஓடியது. இதைவிட வியப்பானதும் உண்டு. சிலருக்கு வேலிக்குள் சிக்கிய சிரை நடுங்கிக்கொண்டே இருக்கும், வெளியே ஈசிஜி ஒழுங்கான தாளத்தைக் காட்டும்.

இப்போது வாசகியின் 12-ஆம் நாளுக்கு வருவோம். சுடும் முனைக்கு நேர் கீழே 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் செல்கள் செத்துவிடுகின்றன. அதன் ஓரத்தில் சூடு குறைவு. அங்குள்ள செல்கள் மயங்கி விழுந்தவை மட்டுமே. சிகிச்சை முடிந்த சில வாரங்களுக்கு மேலறைச் சுவர் ஒரு புண். வீங்கியிருக்கிறது, அழற்சி இருக்கிறது, அந்த எரிச்சலே படபடப்பைக் கிளப்பும். புண் ஆறித் தழும்பு உறுதியாகும் வரை முடிவைச் சொல்ல முடியாது. முன்பு 3 மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். 2024-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் 8 வாரம் என்கிறது. ஆகவே 12-ஆம் நாளை வைத்துத் தோல்வி என்று சொல்ல வேண்டாம். அதே நேரம், ஆரம்பத்தில் அடிக்கடி படபடப்பு வருபவர்களுக்குப் பிற்பாடும் வர வாய்ப்பு சற்று அதிகம் என்பதையும் மறைக்கக் கூடாது. மயங்கிய செல்கள் எழுந்து வேலியில் சந்து விட்டிருந்தால் இரண்டாம் முறை அடைக்க வேண்டி வரும்.

தொடையில் கன்றிப்போன நீலம், ஆழமாக மூச்சிழுத்தால் நெஞ்சில் குத்தல், சில வாரச் சோர்வு எல்லாம் பலரும் சொல்பவைதான். ஆனால் முதல் 2 மாதத்தில் காய்ச்சல், விழுங்கும்போது வலி, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்; அப்லேஷன் செய்ததை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இடது மேலறைக்கு நேர் பின்னால் உணவுக்குழாய் ஒட்டிக் கிடக்கிறது. அது புண்ணாகித் துளை விழுவது மிக அபூர்வம். விழுந்தால் உயிருக்கே ஆபத்து. சூட்டுக்குப் பதில் நுண்நொடி மின்துடிப்புகளால் செல் சவ்வில் துளையிடும் புதிய முறை இப்போது வேகமாகப் பரவுவதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். இதயத் தசை எளிதில் சாகும் அளவு மின்புலத்தை உணவுக்குழாய் பெரும்பாலும் தாங்கிவிடுகிறது.

"செய்த பிறகு நன்றாக இருக்கிறது" என்று நோயாளி சொன்னால் போதுமா என்றும் கேட்க வேண்டும். பிரிட்டனில் 126 பேரிடம் நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில் பாதிப் பேருக்கு நிஜ அப்லேஷன், மீதிப் பேருக்கு மயக்கம் கொடுத்துப் பாவனை. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. 6 மாதத்தில் நடுக்க நேரம் நிஜத்தில் சுமார் 60 சதவீதமும் பாவனையில் 35 சதவீதமும் குறைந்தது. நோயாளிகளின் வாழ்க்கைத் தரமும் நிஜத்தில்தான் கூடுதலாக உயர்ந்தது. 1998-இல் தொடங்கிய சிகிச்சைக்கு இப்படியொரு சோதனை வர கால் நூற்றாண்டு ஆனது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. புதுக் கருவிக்குப் பணம் போட நிறுவனங்கள் உண்டு; பழைய நம்பிக்கையைச் சோதிக்கப் பொதுப் பணம்தான் வர வேண்டும், அது கொஞ்சமாகத்தான் வருகிறது.

படபடப்பு நின்றதும் ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உடம்புக்குத் தெரியாமலேயே நடுக்கம் வந்து போவது உண்டு. மாத்திரை தேவையா என்பதை வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை போன்றவற்றைக் கணக்கிட்டு மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடைசியாக அந்த 80. சிரை வாசல்களை ஒட்டிய கொழுப்பில் நரம்பு முடிச்சுகள் பதிந்திருக்கின்றன. வேகஸ் நரம்பு இவற்றின் வழியாகத்தான் இதயத்தை "மெதுவாகப் போ" என்று பிடித்து நிறுத்துகிறது. சூட்டில் வேலி போடும்போது இவற்றில் சிலவும் சேர்ந்து கருகுகின்றன. கடிவாளம் தளர்ந்து துடிப்பு 10, 15 கூடுகிறது. பெரும்பாலும் சில மாதங்களில் மெல்ல இறங்கும், சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே நின்றுவிடும். காலையில் எழுந்து படி ஏறுவதற்கு முன் எண்ணி, தேதியோடு எழுதி வையுங்கள் அம்மா. 8-ஆம் வாரம் மருத்துவரைப் பார்க்கும்போது அந்தத் தாளையும், படபடப்பு வந்த நாள், நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது என்ற குறிப்பையும் கையில் கொண்டு போங்கள்.