மூன்று நாள் வசூலைப் பார்த்து செக் எழுதாதீர்கள்

சினிமா விநியோகத்தில் பணம் போடும் விஷயமாக இந்த ஆறு மாதத்தில் என்னிடம் வந்தவர்களில், போன திங்கட்கிழமை வந்தவர் நான்காவது ஆள். அதனால்தான் எழுதுகிறேன்.

தருமபுரியில் ஆடிட்டராக இருக்கிறேன். என்னிடம் கணக்கு வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் மண்டிக்காரர்கள். பாலக்கோட்டுத் தக்காளி, தருமபுரிப் புளி, சந்தூர்ப் பக்கத்து மாங்காய் என்று இவர்கள் பார்க்காத வியாபாரம் இல்லை. பெட்டிக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டுக் கேட்பார்கள். இவர்களைக் கணக்கில் ஏமாற்றுவது லேசான காரியமில்லை. அப்படிப்பட்டவர்கள் சினிமா என்றதும் இருபது வருடம் கற்ற பாடத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன திங்கட்கிழமை வந்தவர் பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிறார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். உட்காருவதற்கு முன்பே போனை நீட்டினார். குடும்பத்தோடு பார்க்கிற ஒரு அனிமேஷன் படம், தமிழிலும் டப் ஆகி வந்தது. ‘மூன்று நாள் வசூல்’ என்று போட்டு, சிவப்பு எழுத்தில் கோடிக்கணக்கு. அதற்குக் கீழே நெருப்புப் படமும் பட்டாசுப் படமுமாக நூற்றுக்கணக்கான பேர். ‘பிளாக்பஸ்டர்’ என்று ஒருவர், ‘போட்ட காசு மூணே நாள்ல வந்தாச்சு’ என்று இன்னொருவர். இதை அனுப்பியவன் அவருடைய அக்கா மகன்.

“சார், இதோட அடுத்த பாகம் வருதாம். நம்ம பசங்க நாலு பேர் சேர்ந்து சேலம் ஏரியா விநியோக உரிமைய எடுக்கறாங்க. நானும் ஒரு பன்னெண்டு லட்சம் போடலாம்னு இருக்கேன். மூணு நாள்லயே இவ்வளவுன்னா, மூணு வாரத்துல யோசிச்சுப் பாருங்க.”

“அக்ரிமென்ட் இருக்காண்ணா?”

“எல்லாம் நம்பிக்கதான் சார்.”

நான் சினிமாவைப் பற்றி எதுவும் பேசவில்லை. “சட்டைப் பையில இன்னைக்கு ஏலப் பட்டியல் ஏதாவது இருக்கா?” என்றேன். இருந்தது. நான்காக மடித்த ரோஸ் நிறத் தாள், ஓரத்தில் தக்காளிச் சாறு பட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பெட்டி ஏலம் போன விலை 300 ரூபாய். அதில் மண்டிக் கமிஷன் 30, இறக்குகூலி 5, வண்டி வாடகை 20. விவசாயி வாங்கிப் போனது 245. பறிகூலி பெட்டிக்கு 30 ரூபாய் என்று அவரே சொன்னார். ஆக 215. அதிலிருந்துதான் நாற்று, உரம், மருந்து, குச்சி, சணல் எல்லாம்.

“இப்போ ஒருத்தர் வந்து, ‘பெட்டி 300 ரூபா, ஆயிரம் பெட்டி போச்சு, அப்போ அந்த விவசாயிக்கு மூணு லட்சம் லாபம்’னு சொன்னா என்ன சொல்வீங்க?”

“வெவரம் தெரியாதவன்னு சொல்வேன் சார்.”

போனில் இருந்த எண் அந்த 300 ரூபாய்தான். இதை எத்தனை முறை சொன்னாலும் மக்கள் மனதில் ஏறமாட்டேன் என்கிறது. அதனால் முழுக் கணக்கையும் இங்கே எழுதிவிடுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு மல்டிபிளெக்ஸில் டிக்கெட் 177 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அது 27 ரூபாய், நேராக அரசுக்கு. மீதி 150. தமிழ்நாட்டில் இதற்கு மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரி ஒன்று இருக்கிறது. அதுவும் கழிந்த பிறகு நிற்பதுதான் நெட். அந்த நெட்டில் தியேட்டருக்கு ஒரு பங்கு. பெரிய மல்டிபிளெக்ஸ்களோடு நடைமுறையில் இருக்கும் ஏற்பாட்டின்படி முதல் வாரம் விநியோகஸ்தருக்கு 50 சதவீதம், இரண்டாம் வாரம் 42.5, மூன்றாம் வாரம் 37.5, அதற்கப்புறம் 30. நம் ஊர் ஒற்றைத் திரை தியேட்டர்களில் படத்துக்குப் படம் பேச்சு மாறும். எப்படிப் பார்த்தாலும், 177 ரூபாய் கொடுத்து ஒருவர் படம் பார்த்தால் முதல் வாரத்திலேயே விநியோகஸ்தர் பக்கம் வருவது 75 ரூபாய்க்கும் கீழே. இதற்குப் பெயர் ஷேர். இந்த ஷேரில் டிஜிட்டல் திரையிடல் கட்டணம், போஸ்டர், விளம்பரம், ஆள் சம்பளம் எல்லாம் போக வேண்டும். படத்தை எந்த விலைக்கு எடுத்தோமோ அந்த முதல் திரும்ப வேண்டும். அதையெல்லாம் தாண்டி ஏதாவது மிஞ்சினால் அதற்குப் பெயர்தான் லாபம்.

டிக்கெட் விற்ற மொத்தப் பணத்துக்குப் பெயர் கிராஸ். கிராஸ் வேறு, நெட் வேறு, ஷேர் வேறு, லாபம் வேறு. போனில் வருவது முதல் சொல். நீங்கள் பங்கு கேட்கப் போவது கடைசிச் சொல்லில்.

அந்த எண் வருகிற விதத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் தியேட்டர் தியேட்டராகக் கணக்கு சேகரிக்கிற ஏற்பாடு இருக்கிறது. அங்கேயே ஞாயிற்றுக்கிழமை வெளியாகும் வார இறுதி எண், அன்றைய ராத்திரிக் காட்சி முடிவதற்குள் ஸ்டுடியோக்கள் சொல்லும் மதிப்பீடுதான். சரியான எண் திங்கட்கிழமை வரும். நம் நாட்டில் இணையத்தில் சுற்றும் எண்களில் பெரும்பாலானவை மதிப்பீடு. தயாரிப்புத் தரப்பு போஸ்டரில் போடுவது விளம்பரம். ஒரு போஸ்டரை ஆதாரமாக எந்த ஆடிட்டரும் ஏற்க மாட்டார். நீங்கள் மட்டும் ஏன் ஏற்கிறீர்கள்?

இன்னொரு விஷயத்தை யாருமே கேட்பதில்லை. போனில் இருப்பது இந்தியா முழுமைக்கும், சில சமயம் உலகம் முழுமைக்கும் சேர்ந்த எண். நீங்கள் எடுக்கப் போவது சேலம் ஏரியா. அதாவது சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டம். அதில் ஓசூரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தெலுங்கு, கன்னடம், தமிழ் என மூன்று மொழிக் குடும்பங்களும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெங்களூரு மாலுக்குப் போய்விடுகிறவர்களும் ஏராளம். ஓசூர்க் குடும்பம் எலக்ட்ரானிக் சிட்டியில் படம் பார்த்தால் அந்தப் பணம் கர்நாடகக் கணக்கில் ஏறும். உங்கள் ஏரியாவுக்கு ஒரு பைசா வராது. இதையெல்லாம் மண்டிக்காரர் அண்ணனிடம் சொன்னபோது அவர் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டார்.

குடும்ப அனிமேஷன் படங்களில் இந்த முதல் மூன்று நாள் எண்ணை நம்புவது இன்னும் ஆபத்து. பெரிய நடிகர் படத்துக்கு ரசிகர்கள் அதிகாலையிலேயே வந்து நிற்பார்கள். ஆறு வயதுக் குழந்தை அப்படி வராது. அப்பாவுக்கு லீவு வேண்டும், பரீட்சை முடிய வேண்டும், பள்ளியில் பக்கத்து பெஞ்சுக் குழந்தை கதை சொல்ல வேண்டும். அப்புறம் அது தனியாகவும் வராது. ஒரு குழந்தை கிளம்பினால் நான்கு டிக்கெட். அதனால் இந்தப் படங்களின் ஓட்டம் ஒரே மாதிரியாக இருக்காது.

‘எலிமென்டல்’ 2023இல் அமெரிக்காவில் வந்தபோது முதல் வார இறுதியில் 2.96 கோடி டாலர்தான். படத்தை எடுத்த பிக்சார் நிறுவனத்துக்கு அது மிக மோசமான தொடக்கம் என்று எல்லோரும் எழுதி முடித்துவிட்டார்கள். அதே படம் அங்கே 15.4 கோடி டாலரில் போய் நின்றது, உலக அளவில் 49 கோடியைத் தாண்டியது. நம் நாட்டில் 2025 ஜூலை 25 அன்று வந்த ‘மகாவதார் நரசிம்மா’ முதல் நாள் எல்லா மொழியும் சேர்த்து நெட் வசூலில் இரண்டு கோடி ரூபாயைக்கூடத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அது பல மடங்கானது. ஓட்டம் முடிந்தபோது 200 கோடியைத் தாண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி அதை ‘ஊத்திக்கிச்சு’ என்று எழுதியவர்கள் அடுத்த வாரம் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

உடனே, ‘அப்போ தொடக்கம் குறைவாக இருந்தால் பின்னால் ஏறும், நாம் மலிவாக எடுத்துவிடலாம்’ என்று ஒருவர் கிளம்புவார். என்னிடம் வந்த இரண்டாவது ஆள் அப்படித்தான் கிளம்பினார். அதுவும் விதி கிடையாது. 2025இல் வந்த ‘எலியோ’ அமெரிக்காவில் 2.08 கோடி டாலரில் தொடங்கி, எழவேயில்லை. அதே வருடம் செப்டம்பரில் வந்த ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ படத்தில் இதற்கெல்லாம் நேர் எதிராக நடந்தது. அமெரிக்காவில் முதல் வார இறுதியிலேயே 7 கோடி டாலர். மொத்த ஓட்டமும் சேர்ந்து அதைப் போல இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை. ரசிகர் கூட்டம் முதல் மூன்று நாளில் வந்து பார்த்துவிட்டது. மூன்று நாள் எண்ணை மூன்று வாரத்துக்குப் பெருக்கிப் பார்த்த நம் அண்ணனின் கணக்கு இந்த இரண்டு வகைப் படத்துக்குமே பொருந்தாது. மெதுவாக ஏறும் படத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: கூட்டம் வருவது மூன்றாம் வாரத்தில் என்றால், அதற்குள் உங்கள் பங்கு 50இலிருந்து 37.5க்கு இறங்கியிருக்கும்.

இந்த இடத்தில் பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. என் அலுவலகத்தில் கணக்கு எழுதும் தங்கைக்கு எட்டு வயதில் ஒரு மகள். ஒரு மாதமாக ஒரு கார்ட்டூன் படத்துக்குக் காத்திருந்தாள். அதில் வரும் மிருகத்தை வரைந்து எங்கள் பில் புத்தகத்தின் பின்னட்டையில்கூட ஒட்டியிருக்கிறாள். சனிக்கிழமை ராத்திரி அவள் அப்பா போனைப் பார்த்துவிட்டு, “படம் ஃபிளாப்பாம், எதுக்குக் காசைக் கொட்டணும்?” என்று சொல்லிவிட்டார். ஒரு நிறுவனம் போட்ட முதல் எடுத்ததா இல்லையா என்பது அந்த நிறுவனத்தின் கவலை. உங்கள் குழந்தைக்கு அந்தப் படம் பிடிக்குமா என்பதை அந்த எண் எப்படிச் சொல்லும்? தயவுசெய்து கூட்டிக்கொண்டு போங்கள். நம் ஊர் தியேட்டர்களில் இத்தகைய படம் பல சமயம் இரண்டாம் வாரம்கூட நிற்பதில்லை.

சரி, பணம் போடுகிறவர்களிடம் திரும்ப வருகிறேன். போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விநியோகம் ஒரு தொழில், அதில் நேர்மையாகச் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள். போடுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்.

எந்த முறையில் எடுக்கிறீர்கள்? அவுட்ரைட், அதாவது மொத்த விலைக்கு வாங்குவது என்றால் லாபமும் நஷ்டமும் முழுக்க உங்களுடையது. எம்.ஜி., அதாவது மினிமம் கேரண்டி என்றால் கொடுத்த தொகை திரும்பாது, அதைத் தாண்டி வரும் ஓவர்ஃப்ளோவில்தான் பங்கு. அட்வான்ஸ் என்றால் வசூலில் குறைந்ததை விற்றவர் உங்களுக்குத் திருப்பித் தர வேண்டும், ஆனால் எப்போது தருவார்கள் என்பதை எழுதி வாங்க வேண்டும். நான்கு பேரில் ஒருவருக்குக்கூட இதற்குப் பதில் தெரியவில்லை. இது தெரியாமல் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 19ஆவது பிரிவு, உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது. எந்தப் படம், எந்த உரிமை, எத்தனை காலம், எந்த எல்லை என்று அதில் வர வேண்டும். உங்களுக்கு விற்பவர் யாரிடமிருந்து வாங்கினார் என்ற காகிதத்தையும் கேளுங்கள். அக்கா மகன் சொன்னான் என்பது காகிதமாகாது. தமிழ் டப்பிங்குக்குத் தனியாகத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். அது கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்கு பேர் சேர்ந்து போடுகிறீர்களா? கூட்டு ஒப்பந்தம் எழுதி, நிறுவனத்தைப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்யாத கூட்டு நிறுவனத்தில் பங்குதாரர் தன் உரிமைக்காக வழக்குப் போடுவதை 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69ஆவது பிரிவு தடுக்கிறது. சண்டை வந்த பிறகு என்னிடம் வந்து, “சார், ஏதாவது வழி சொல்லுங்க” என்றால் நான் என்ன செய்வது?

ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனாக ரொக்கத்தில் வாங்குவதற்கே வருமான வரிச் சட்டத்தில் அபராதம் உண்டு. கொடுத்ததற்கு ஆதாரம் இல்லாமல் போவது அதைவிடப் பெரிய தண்டனை. அப்புறம் தினசரி வசூல் அறிக்கை, டி.சி.ஆர். என்பார்கள். தியேட்டர் வாரியாக அது உங்களுக்கு நேரடியாக வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரி இல்லாததால்தான் மூன்றாவதாக என்னிடம் வந்த ஆசிரியர் இன்று தவிக்கிறார்.

அவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். ஓய்வுக்காலப் பணத்திலிருந்து எட்டு லட்சம், அதில் ஐந்து ரொக்கம். கையில் இருப்பது 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிய நான்கு வரி. படம் வெளியான ஞாயிற்றுக்கிழமை வசூல் போஸ்டரைப் பார்த்துவிட்டுத் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்திருக்கிறார். அந்தப் போஸ்டரை லேமினேட் செய்து என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பணம் வாங்கியவர்கள், “எம்.ஜி.யே கவர் ஆகல சார்” என்கிறார்கள். எந்தத் தியேட்டரில் எந்த நாள் எத்தனை டிக்கெட் என்று கேட்டால் போனை வைத்துவிடுகிறார்கள். வங்கி வழியாகப் போன மூன்று லட்சத்துக்கு மட்டும் ஸ்டேட்மென்ட் எடுத்து, வக்கீல் மூலம் போன வாரம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். தினமும் காலையில் போன் செய்து பதில் வந்ததா என்று கேட்கிறார். இன்னும் வரவில்லை.